பால் ஹப்பர்டும் ஹடிலும்: 1894-இல் களத்தில் நடந்தது என்ன?

கேள்வி: தாழ்வாரம்

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் ஆரம்பகால வீரர் பால் ஹப்பர்டைப் பற்றி ஒரு சிறுவர் இதழுக்குக் கட்டுரை தயார் செய்கிறேன். அவர் காதுகேளாதவர், 1892 முதல் 1895 வரை வாஷிங்டனில் உள்ள, காதுகேளாதோருக்கான கேலடெட் கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக், அதாவது நகர்வுகளை வழிநடத்தும் வீரர். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் வீரர்கள் வட்டமாகக் கூடித் திட்டம் போடும் ஹடிலை அவர்தான் தொடங்கினார் என்று பல இடங்களில் படித்தேன். எதிரணி சைகையைப் படித்துவிடக் கூடாது என்று மறைத்தார் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதற்கு மேல் வேண்டும்.

கேட்கும் அணிகளுக்குச் சைகைமொழி தெரியாதே, பிறகு யாரிடமிருந்து மறைத்தார்? காது கேட்காமல் குவார்ட்டர்பேக் எப்படி அணியை நடத்தினார்? நகர்வு தொடங்கியதையும் முடிந்ததையும் வீரர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? "கண்டுபிடித்தவர்" என்று துணிந்து எழுதலாமா? ஓவியருக்கும் குறிப்பு கொடுக்க வேண்டும், ஆகவே நுணுக்கமான விவரங்கள் இருந்தால் நல்லது.

பதில் 1: ஐந்து யார்டு

முதலில் அந்தக் காலத்து ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் குவார்ட்டர்பேக்கை மனதில் வைத்துக்கொண்டு ஹப்பர்டை எழுதினால் கட்டுரை முழுவதும் தடம் மாறிவிடும்.

1894-இல் முன்னோக்கிப் பந்தை எறிவதற்கு அனுமதியே இல்லை. அது 1906-இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் 5 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பின்னால் தள்ளும் பந்தை முதலில் வாங்குபவர் குவார்ட்டர்பேக். ஆனால் அதை எடுத்துக்கொண்டு அவரே இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டைத் தாண்டி ஓட விதி இடம் தரவில்லை, பின்னால் நிற்கும் ஓட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஆக அவருடைய வேலையில் பாதி பந்தைச் சரியான கைக்குச் சேர்ப்பது. மறுபாதி, அடுத்த நகர்வு எது என்று மற்றப் பத்துப் பேருக்கும் தெரிவிப்பது. கரையில் நின்று பயிற்றுநர் அறிவுரை சொல்வதும் அப்போது விதிக்குப் புறம்பு. முடிவெல்லாம் களத்துக்குள்தான்.

கேட்கும் அணிகள் இதை எண்களால் செய்தன. ஓட்டக்காரர்களுக்கும், வரிசையில் ஆள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளுக்கும் எண் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு குவார்ட்டர்பேக் சில எண்களை உரக்கச் சொல்வார். அதில் எது உண்மையான எண், எது போக்குக்காட்ட என்பது அணிக்குள் மட்டும் தெரியும். ஹப்பர்டின் அணிக்கு இந்த வழி கிடையாது.

இங்கே பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும் ஏழு முன்கள ஆட்டக்காரர்களின் முகமும் எதிரணியைப் பார்த்திருக்கும், குவார்ட்டர்பேக் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். குரலுக்கு இது தடையில்லை. கைச்சைகைக்கு இதுதான் முதல் தடை, ஏழு பேரும் தலையைத் திருப்பினால்தான் சைகை தெரியும். எதிரில் ஒருவன் மோதத் தயாராக நிற்கும்போது தலையைத் திருப்புவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. திருப்பியவர் மறுபடி நிலைக்கு வருவதற்குள் பந்து நகர்ந்துவிடலாம். அதனால் எதிரணி உளவு பார்க்காவிட்டாலும், வரிசையில் போய் நிற்பதற்கு முன்பே முகத்தோடு முகம் பார்த்துச் சொல்லி முடிப்பது காதுகேளாத அணிக்கு வசதியான வழி. வட்டம் மறைப்பதற்கு மட்டும் என்று எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

பதில் 2: கைவிரல் எழுத்து

யாரிடமிருந்து மறைத்தார் என்ற கேள்விக்கு வருகிறேன். மற்றக் காதுகேளாதோர் அணிகளிடமிருந்து. கேட்கும் கல்லூரிகளோடு மோதும்போது ஹப்பர்டின் சைகைமொழியே ஒரு ரகசியக் குறியீடு, திறந்த வெளியில் சைகை செய்தாலும் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. காதுகேளாதோர் பள்ளி அணி எதிரில் நின்றால் நிலைமை தலைகீழ். குரலில் எண் சொல்லும் அணியின் குறியீட்டை உடைக்க எதிரணி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். சைகைமொழியில் நேராகச் சொன்னால் எதிரணி உட்கார்ந்து படித்துவிடும்.

இதற்கு ஒரு பின்னணியும் உண்டு, கட்டுரையில் இரண்டு வரியாவது சேருங்கள். 1880-இல் மிலான் மாநாடு காதுகேளாதோர் கல்வியில் சைகைமொழியை ஒதுக்கி, பேச்சும் உதட்டசைவு வாசிப்பும் போதும் என்று தீர்மானித்தது. அதன்பிறகு பல பள்ளிகளில் வகுப்பறைக்குள் சைகைக்குத் தடை வந்தது. கேலடெட் சைகையைக் கைவிடவில்லை. 1864-இல் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம் அது, கேலடெட் கல்லூரி என்ற பெயர் அமைந்ததும் இதே 1894-இல்தான். குவார்ட்டர்பேக் தயக்கமில்லாமல் சைகைமொழியில் ஆட்டம் நடத்தினார் என்றால், கல்லூரி அந்த மொழியை மதித்தது அதற்கு ஒரு காரணம்.

இனி வட்டத்தின் அளவு. பதினொரு பேர் தோளோடு தோள் நெருங்கி நின்றால், ஆளுக்கு 50 செ.மீ. என்று வைத்தாலும் சுற்றளவு ஐந்தரை மீட்டர், குறுக்களவு சுமார் 1.75 மீட்டர். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் கை 2 மீட்டருக்குள் இருக்கிறது, சைகை படிக்க அருமையான தூரம். நேர்வரிசையில் நின்றால் கடைசி ஆளுக்குக் கை பக்கவாட்டில்தான் தெரியும், நடுவில் இருப்பவர் தோள் வேறு மறைக்கும். காதுகேளாதோர் கூடிப் பேசும் இடங்களில் நாற்காலிகளை வட்டமாகவோ அரைவட்டமாகவோ போடுவதும் இதே காரணத்துக்குத்தான். ஹப்பர்டுக்கு இந்த அமைப்பு அன்றாடம் பார்த்துப் பழகியதாகத்தான் இருந்திருக்கும்.

ஓவியருக்கு ஒன்று கட்டாயம் சொல்லுங்கள். குவார்ட்டர்பேக்கை வட்டத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் பாதிப் பேருக்கு அவர் முதுகுதான் தெரியும். வட்டத்தின் விளிம்பில் மற்றவர்களைப் போலவே நிற்கட்டும். அவருக்கு இருபக்கமும் நிற்கும் இருவருக்கு மட்டும் கை பக்கவாட்டில் தெரியும், அவர்கள் கழுத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டிப் பார்ப்பதுபோல் வரையலாம். கை நெஞ்சுக்குக் கீழே, வயிற்றை ஒட்டி இருக்கட்டும். சாதாரணமாகச் சைகை இடுப்பிலிருந்து தலை வரை விரியும், தோள் உயரத்துக்கு மேல் போனால் வெளியே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்கக் கைவிரல் எழுத்துகள் ஒரே கையில் முடிபவை. எழுத்தையோ எண்ணையோ குறியீடாக வைத்துக்கொண்டால் மறு கை மறைப்பாக நிற்கலாம்.

வட்டத்திலும் பிசகு வரும். குனிந்து தலைகளை முட்டிக்கொண்டால் கேட்பவர்களுக்குப் பரவாயில்லை, சைகைக்கு அது ஆகாது, ஏனென்றால் தலைகளின் நிழல் கைமேல் விழும். கையுறையும் கையில் அப்பிய சேறும் விரல் வடிவத்தைக் கெடுக்கும். முகபாவமும் சைகைமொழியின் இலக்கணத்தில் ஒரு பகுதி, எனவே எல்லோரும் கையை மட்டுமே பார்த்தால் கேள்வியா கட்டளையா என்பதுகூடக் குழம்பும். கண் ஒரே நேரத்தில் இரண்டையும் பிடிக்கிற தூரம் வேண்டும்.

கேள்வி கேட்டவர்: தாழ்வாரம்

மிக்க நன்றி இருவருக்கும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. தொடக்கமும் முடிவும் பற்றி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். இந்த யோசனை இவ்வளவு நல்லது என்றால் மற்றக் கல்லூரிகள் ஏன் உடனே எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் புரியவில்லை.

பதில் 3: கோட்டு நடுவர்

தொடக்கம்: பந்தைப் பார்ப்பதுதான் வழி. சென்டர் கையில் பந்து அசைந்ததும் எல்லோரும் பாய வேண்டும். சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டுகளுக்கு இது எளிது, ஓரக்கண்ணிலேயே பந்து தெரியும். வரிசைக் கோடியில் நிற்பவர் தலையை உள்பக்கம் சற்றுத் திருப்பி நிற்க வேண்டும், அதனால் முதல் பாய்ச்சல் நேராக இல்லாமல் கொஞ்சம் வளையும். இது இழப்புதான். ஆனால் ஒரு லாபமும் உண்டு. எதிரணி குரலில் ஏமாற்றி முன்கூட்டியே பாய வைக்கும் தந்திரம் கண்ணால் ஆடுபவரிடம் பலிக்காது.

கேலடெட் அணி பிற்காலத்தில் கரையில் ஒரு பெரிய முரசை வைத்து அடித்தது. தாழ்ந்த அதிர்வு உடம்பில் உணரப்படும், இத்தனையாவது அடியில் பந்து நகரும் என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். அதே முரசு கேட்கும் எதிரணியின் காதிலும் விழும் என்பதால் அடிகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றத் தவறினால் முரசு எதிரணிக்கு வேலை செய்யும். தயவுசெய்து இந்த முரசை ஹப்பர்டின் காலத்துப் படத்தில் வரைந்துவிடாதீர்கள்.

முடிவு: தொல்லை இங்கேதான் அதிகம். பந்து வைத்திருப்பவர் மடக்கப்பட்டால் அவரே "டவுன்" என்று குரல் கொடுப்பதை அந்தக் காலத்து விதி எதிர்பார்த்தது. நடுவரின் விசில் வேறு. காதுகேளாத வீரருக்கு இரண்டும் எட்டாது. மற்றவர்கள் தளர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தே நிறுத்த வேண்டும். குவியலுக்கு அடியில் மாட்டியவருக்கு அதுவும் தெரியாது. விசிலுக்குப் பிறகு இடித்தார் என்ற குற்றச்சாட்டு காதுகேளாத வீரர்மேல் எளிதாக வந்து விழுவது இதனால்தான், வேண்டுமென்று செய்வதாக எதிரணி நினைத்துக்கொள்ளும்.

ஏன் பரவவில்லை என்றால், என் கணிப்பில் முதல் காரணம் வேகம். வரிசையில் நின்றபடியே எண் சொல்லிவிட்டு, எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த நகர்வைத் தொடங்குவது கேட்கும் அணிகளுக்குப் பெரிய பலம். கூடிப் பேசினால் அது போய்விடும். அதனால் அவர்களுக்கு வட்டம் ஒரு செலவு, கேலடெட்டுக்கு அது தேவை. பார்வையாளர் கூட்டம் பெருத்து இரைச்சலில் எண்கள் காதில் விழாமல் போன பிறகும், எதிரணியின் குறியீடுகளை முன்கூட்டியே உளவு பார்ப்பது வழக்கமான பிறகும்தான் கேட்கும் அணிகளுக்கும் அந்தத் தேவை வந்தது.

பதில் 4: ஐந்து யார்டு

"கண்டுபிடித்தவர்" பற்றி. பெரும்பாலோர் 1894 என்கிறார்கள், 1892 என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வரலாறு கேலடெட்டின் மரபு வழியாக வலுவாக வந்தது. மற்றவர்களுக்கும் உரிமை கோரப்படுகிறது: சிகாகோவின் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் 1896-இல் செய்தார் என்பார்கள். ஓரிகன் வேளாண் கல்லூரியில் பில் ஹார்கிஸ் 1918-இல், இல்லினாய்ஸில் பாப் ஸப்கி 1921-இல், லஃபாயெட்டில் ஹெர்ப் மெக்ராக்கன் 1924-இல் என்று பட்டியல் நீளும். 1920-களில் இருந்தவர்கள் செய்தது பெரிய கல்லூரி ஆட்டங்களில் அதை வழக்கமாக்கியது. அதற்கும் முதன்முதலில் செய்ததற்கும் வேறுபாடு உண்டு. "ஹடிலைத் தொடங்கியவர் என்ற பெருமை ஹப்பர்டுக்கு அளிக்கப்படுகிறது" என்று எழுதினால் நேர்மையாக இருக்கும், அவர் மதிப்பும் ஒரு துளி குறையாது. பேஸ்பால் நடுவர்களின் கைச்சைகைக்குக் காதுகேளாத வீரர் வில்லியம் ஹோய்தான் காரணம் என்று உறுதியாக எழுதிவிட்டு, பிறகு ஆதாரம் தேடித் திண்டாடுபவர்கள் நிறைய. அந்த நிலை உங்கள் கட்டுரைக்கு வேண்டாம்.

கல்லூரியோடு அவர் கதையை முடித்துவிடாதீர்கள். கன்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் உள்ள காதுகேளாதோர் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார், 1899-இல் அங்கே கால்பந்து அணியைத் தொடங்கிப் பயிற்சியும் கொடுத்தார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான்கு ஆண்டு ஆடியதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள், அதைவிடப் பல மடங்கு காலம் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஓவியத்துக்கு: தலைக்கவசம் கட்டாயம் இல்லாத காலம், பலர் தலைக்குக் காப்பாக முடியை நீளமாக வளர்த்தார்கள். முன்பக்கம் கயிறு கோத்து இறுக்கும் கேன்வாஸ் மேலங்கி, சிலருக்கு ரப்பர் மூக்குக் காப்பு. முகக்கம்பி, பெரிய தோள்காப்பு, முதுகில் எண் எதுவும் வேண்டாம். புள்ளிப்பலகை வரைந்தால் டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோவதற்கு) 4, அதற்குப் பிந்தைய உதைக்கு 2, களத்திலிருந்து உதைத்த கோலுக்கு 5 என்று கணக்குச் சரியாக வரும்படி எண் போடுங்கள். ஆட்டம் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி.

பதில் 5: கைவிரல் எழுத்து

இன்றைய நிலையையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம். 2023 அக்டோபர் 7 அன்று ஹில்பர்ட் கல்லூரிக்கு எதிராக, கேலடெட் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் சிறிய கண்ணாடித் திரை இருந்தது. ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பயிற்றுநர் கரையில் டேப்லெட்டில் நகர்வைத் தேர்ந்தெடுத்தால் அது வீரர் கண்முன் எழுத்தாகத் தெரியும். அந்த ஆட்டத்தில் கேலடெட் 34-20 என்று வென்றது. பெட்டியில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அந்தத் திரை கரைக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு மட்டும்தான். அவர் அதைப் படித்துவிட்டு மற்றப் பத்துப் பேருக்கும் கையால்தான் சொல்லியாக வேண்டும்.