புதுப்பிப்பு: கால் டேங்க் காட்டிய முள்

போன வாரம் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் லாரி டீசல் தீர்ந்து நின்றதையும், டீசல் மீட்டர் முள் அப்போதும் கால் டேங்க் காட்டியதையும் எழுதியிருந்தேன். மீட்டரை மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

வேலூரில் மெக்கானிக் அண்ணன் டேங்க்குக்குள் டீசல் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவையைக் கழற்றிப் பார்த்தார். அதன் கம்பி வளைந்து, கால் அளவிலேயே சிக்கியிருந்தது. மிதவை இறங்காவிட்டால் முள் எப்படி இறங்கும்?

டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றேனே, அது ஏர் லாக், அதாவது டேங்க் காலியானதில் டீசல் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்துக்கொண்டது. ஃபில்டர் பக்கத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை கை பம்பை அடிக்க வேண்டுமாம். நானோ அந்த வெயிலில் (வேலூர் வெயில், சொல்லவே வேண்டாம்) செல்ஃப் அடித்தே பேட்டரியை இறக்கிவிட்டேன்.

இப்போது முள் ஒழுங்காக இறங்குகிறது. இருந்தாலும் கிளம்பும் முன் டேங்க்கில் குச்சி விட்டுப் பார்க்கிறேன்.