கைமாறி வந்த தொட்டில்

2013ஆம் ஆண்டுக் கோடையில், என் மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, நியூ ஜெர்சியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு தமிழ்க் குடும்பத்தினர் தங்கள் மகன் படுத்து வளர்ந்த மரத்தொட்டிலை எங்களுக்குத் தந்தார்கள். அந்த அண்ணனும் அண்ணியும் அதைத் துடைத்து, திருகாணிகளைத் தனிப்பையில் போட்டு, அவ்வளவு அன்போடு காரில் ஏற்றிவிட்டார்கள். குனிந்து குழந்தையைத் தூக்க வசதியாக ஒரு பக்கச் சட்டத்தைக் கீழே இறக்கிக்கொள்ளக்கூடிய, 'டிராப் சைட்' என்று சொல்லப்படும் வகைத் தொட்டில் அது.

பிரசவத்துக்குத் துணையாகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்குத் தூளிதான் பழக்கம். ஊரில் தூளி கட்டினால், கொக்கியையும் முடிச்சையும் தன் இரண்டு கையாலும் முழுப்பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையைப் போடுவார். நான் பூட்டி முடித்த தொட்டிலையும் அதேபோல இழுத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் மட்டும் ஆடுதுப்பா" என்றார். விளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது, இறங்கும் சட்டத்தை மூலையில் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் துண்டில் ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தது. தொட்டிலின் முழுப் பாரத்தையும் தாங்கிய மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கட்டைவிரல் அளவுள்ள அந்தத் துண்டுதான் தேய்ந்திருந்தது.

தலைப்பக்கப் பலகையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் மாடல் எண்ணும் தயாரித்த மாதமும் இருந்தன. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைத் தேடியபோது, அந்த மாடல் ஆபத்தானது என்று சில ஆண்டுகளுக்கு முன்பே திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது என்று தெரிந்தது. அன்றிரவு நான் படித்தவற்றை இன்றும் மறக்க முடியவில்லை. பிளாஸ்டிக் உடைந்தாலோ, திருகாணி தளர்ந்தாலோ, சட்டத்தைத் தலைகீழாகப் பொருத்தினாலோ, அதன் ஒரு மூலை மட்டும் கழன்று மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டாகும். புரண்டு வரும் குழந்தை அதற்குள் நழுவினால் மீள முடியாது. 2000க்குப் பின் குறைந்தது 32 குழந்தைகள் இவ்வகைத் தொட்டில்களில் இறந்ததாகவும், ஐந்தே ஆண்டுகளில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டதாகவும் ஆணையம் அறிவித்திருந்தது. 2011 ஜூன் 28 முதல் இவற்றைத் தயாரிப்பதும் விற்பதும், பழையதை மறுபடி விற்பதும்கூடச் சட்டவிரோதம். குழந்தைக் காப்பகங்களுக்கு 2012 டிசம்பர் 28 வரை தவணை கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அன்பளிப்பாகப் போகும் தொட்டிலை யார் வந்து பார்ப்பார்கள்?

இந்த ஓட்டைதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1998இல் சிகாகோவில், ஒரு பராமரிப்பாளரின் வீட்டில், மடக்குத் தொட்டில் ஒன்று சரிந்து பதினேழு மாதக் குழந்தை இறந்தது. அந்தத் தொட்டில் 1993லேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அந்தச் செய்தி அந்த வீட்டை எட்டவே இல்லை. குழந்தையின் பெற்றோர் ஓயாமல் போராடியதன் பயனாக, 2008ஆம் ஆண்டு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில் அவன் பெயரிலேயே ஒரு பகுதி சேர்ந்தது. தொட்டில் போன்ற பொருள்களோடு இப்போது வரும் பதிவு அட்டை அதன் விளைவுதான். அதை நிரப்பி அனுப்பினால் பழுது தெரிந்தவுடன் தயாரிப்பாளர் நேரே தெரிவிப்பார். ஆனாலும் அந்த அட்டையில் இருப்பது முதலில் வாங்கியவரின் முகவரி. இரண்டாவது வீட்டின் முகவரி அல்ல.

பிறகு நான்கு பக்கமும் அசையாத புதிய தொட்டில் ஒன்று வாங்கினோம். கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை என்று அளந்து பார்த்தேன். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையவில்லை என்பதை அம்மாவே சோதித்தார். கம்பிகளின் உட்புறம் கட்டுவதற்காக உறவினர் ஆசையாக வாங்கித் தந்த பஞ்சு வைத்த பக்கத்திரையை, குழந்தையின் மூச்சை அடைத்துவிடுமோ என்று கட்டவில்லை, அவர்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். பஞ்சு வைத்த அத்தகைய திரைகளின் விற்பனையை 2022இல் அமெரிக்கா தடை செய்தபோது அவர்களே தொலைபேசியில் அழைத்து அதைப் பற்றிப் பேசினார்கள்.

பழைய தொட்டிலை அப்படியே குப்பைத் தொட்டியருகே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அழகான மரவேலை என்று யாரேனும் எடுத்துப் போயிருப்பார்கள். ஆகவே கம்பிகளை ரம்பத்தால் அறுத்து, பலகைகளை உடைத்த பிறகே போட்டேன். தந்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கியது என் தவறு. சொன்னதும் அண்ணன் கோபிக்கவில்லை. சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அதே கடையில், அதே நாளில், அண்ணியின் தங்கைக்கும் அதே மாடலை வாங்கி டெக்சாஸுக்கு அனுப்பியிருந்தார்களாம். அதில் அப்போது அந்தத் தங்கையின் இரண்டாவது குழந்தை, ஒன்பது மாதம், படுத்துக்கொண்டிருந்தது. என் அழைப்பைத் துண்டித்துவிட்டு அண்ணன் உடனே அங்கே பேசினார். அன்றிரவே அவர்கள் தொட்டிலைப் பிரித்துவிட்டார்கள்.