நெஞ்சு சிடி ஸ்கேனில் நீர்க்கட்டி: பார்த்தவர்களும் பட்டவர்களும்

கதிரியக்க மருத்துவர்:
முப்பது வயதை ஒட்டியவர். இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு நிழல். கையோடு கொண்டுவந்த சிடி அறிக்கை "திண்மக் கட்டி, நிணநீர்க் கணுவாக இருக்கலாம்" என்றது. வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

படங்களைப் புரட்டினால், கான்ட்ராஸ்ட் ஊசி (ரத்தம் ஓடும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் மருந்து) போட்ட பிறகு எடுத்தவை மட்டுமே இருந்தன. நிழலின் அடர்த்தி 60 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு; சிடியில் அடர்த்தியைச் சொல்லும் எண் அது. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்கு 0 என்ற அந்த அளவுகோலில், தெளிந்த நீர் நிறைந்த கட்டி பெரும்பாலும் 20-க்குள் அடங்கிவிடும். 60 என்றால் சதைக்கட்டி என்றுதான் தோன்றும். ஊசி இல்லாமல் மறுபடி எடுத்தோம். அப்போதும் கிட்டத்தட்ட அதே 60! இரத்த ஓட்டமுள்ள கட்டியாக இருந்தால் ஊசிக்குப் பின் எண் ஏறியிருக்க வேண்டும். இது இம்மியும் ஏறவில்லை. எம்ஆர்ஐயில், நீர் வெளுப்பாகத் தெரியும் டி2 வகைப் படத்தில், வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

கரு வளரும்போதே மூச்சுக்குழல் மொட்டிலிருந்து பிரிந்து தனித்துப்போன பை அது. உள்ளே நீருக்குப் பதில் புரதம் செறிந்த கெட்டிச் சளி; சிலருக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேரும். எண்ணை உயர்த்தியது அதுதான். அறுவை சிகிச்சையில் திறந்தபோது பழுப்பு நிறப் பசையாக வழிந்தது. இருமுறை எடுத்தால் கதிர்வீச்சு கூடும் என்பது நியாயமான கவலைதான், எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. ஆனால் உருண்டையாக, ஓரம் வழுவழுப்பாக, இந்த இடத்தில் ஒன்று தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்காமல் "திண்மம்" என்று எழுதுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஒரு நோயாளி:
டாக்டருக்கு வணக்கம். எனக்கு இருந்தது வலப்பக்கம், இதயமும் உதரவிதானமும் சேரும் மூலையில். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டது. மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பி, நிழலுக்குள் ஒரு வட்டம் போட்டார். கீழே 6 என்று எண் வந்தது. "தண்ணீர்தான் அம்மா, இதய உறையை ஒட்டியது. தொந்தரவு தராதவரை கத்தி வேண்டாம்" என்றார். அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்:
எங்களுக்குத் தலைவலி காற்று நிறைந்த பைகள்தான். நெடுநாள் புகைபிடித்தவர், மூச்சுத்திணறல். எக்ஸ்ரேயில் ஒரு பக்க மேல்பகுதி கறுத்திருந்தது. நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கிவிட்டது என்று நெஞ்சில் டியூப் போடத் தட்டு தயாரானது. அந்தக் கறுப்பின் விளிம்பு நெஞ்சுச் சுவரைப் பார்த்துக் குழிந்திருந்ததைச் சக மருத்துவர் கவனித்தார். ரத்த அழுத்தம் சீராக இருந்ததால் சிடிக்கு அனுப்ப அவகாசம் கிடைத்தது. அங்கே மெல்லிய சுவரும் உள்ளே இழை இழையாகத் தடுப்புகளும் தெரிந்தன: பெரிய புல்லா, அதாவது நுரையீரலுக்குள்ளேயே உருவான காற்றுப் பை. டியூப் அதற்குள் போயிருந்தால் காற்றுக்கசிவு நிற்காமல் திண்டாடியிருப்போம்.

கதிரியக்க மருத்துவர்:
அதே எச்சரிக்கை, கட்டியைக் குத்தி மாதிரி எடுக்கும் ஊசிக்கும் பொருந்தும். நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டியில், உள் சவ்வு கழன்று நீர்மேல் அல்லி இலைபோல மிதப்பதைச் சிடியில் காணலாம். தெரியாமல் குத்தி நீர் சிந்தினால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரக்கூடும். புழுவின் கருக்களும் பரவலாம். ஊசிப் பரிசோதனைக்கு என்று வந்த ஒருவரின் படத்தில் அந்தச் சவ்வைக் கண்டதும் ஊசியை ரத்து செய்து, நேராக நெஞ்சு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம்.