மேட்ச்பாக்ஸ் வைத்தால் ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்குமா?

தக்கலை ரிக்:
நேற்று ராத்திரி ஹாம் ரேடியோவில், 40 மீட்டர் அலைவரிசையில், மணக்குடி அண்ணாச்சி ஒரு புதுப் பையனிடம் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. "பழைய ஜான்சன் மேட்ச்பாக்ஸ் ஒன்று கிடைத்தால் போதும், ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1-க்கு இறங்கிவிடும், டைபோலை அளந்து வெட்டவே வேண்டாம்" என்றார். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: மேட்ச்பாக்ஸ் என்பது ரிக்குக்கும் (ரேடியோ பெட்டிக்கும்) ஆன்டெனாவுக்கும் நடுவில் வைக்கிற ட்யூனர். டைபோல் என்பது நடுவில் இணைப்புக் கொடுக்கிற கம்பி ஆன்டெனா. எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்புகிற பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. அந்தப் பையன் இப்போதுதான் ரெஸ்ட்ரிக்டட் (தொடக்க நிலை) லைசென்ஸ் எடுத்திருக்கிறான். கையில் இருப்பது 50 வாட். அவனிடம் இப்படிச் சொல்லலாமா? அந்த 1.1 ரிக்குக்கும் ட்யூனருக்கும் நடுவிலே கிடக்கிற மூன்றடி கேபிளில் மட்டும்தான். ட்யூனரைத் தாண்டி மாடி வரைக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும்.

மணக்குடிக் கரை:
பெயரைச் சொல்லி இழுத்ததால் வருகிறேன். என் பெட்டி 1950-களில் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து வசேகாவில் செய்தது. மஸ்கட்டில் வேலை பார்த்தபோது ஒரு பெரியவரிடம் வாங்கி, கைலிக்குள் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். ட்யூனிங், மேட்ச்சிங் என்று இரண்டு குமிழ். ஒன்றைத் திருப்பி, அடுத்ததைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி முதல் குமிழுக்கு வந்தால் முள் அப்படியே இடது பக்கம் படுத்துவிடும். மீட்டர் 1.1. கண்ணால் பார்ப்பதை நம்பவா, தம்பி பேச்சை நம்பவா?

தக்கலை ரிக்:
மீட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது? ரிக் பக்கமா, ஆன்டெனா பக்கமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மணக்குடிக் கரை:
மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. என் ரிக்கின் 100 வாட்டில்தான் 20 மீட்டரில் பிரேசில்காரன் எனக்கு 59, அதாவது நன்றாகக் கேட்கிறது என்று, கொடுத்தான்.

குளச்சல் டைபோல்:
எஸ்.டபிள்யூ.ஆர். கிடக்கட்டும். கடற்கரையில் பழைய ட்யூனர் வைத்திருப்பவர்கள் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். என் பழைய பெட்டியில் கெப்பாசிட்டர் தகடெல்லாம் உப்புக்காற்றில் வெண்பொடி பூத்துக் கிடந்தது. சுழலும் தகட்டைத் தொடுகிற ஸ்பிரிங் கறுத்துப்போய், பவர் கொடுத்ததும் சட்சட்டென்று பொறி பறந்தது. பிரஷ் போட்டுத் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்த பிறகுதான் முள் நிலையாக நின்றது.

மணக்குடிக் கரை:
என் பெட்டியில் ஒரு பொடியும் இல்லை. மாதம் ஒரு தடவை திறந்து துடைக்கிறேன். குளச்சல்காரருக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்றால் அது பெட்டியின் குற்றம் இல்லை.

குளச்சல் டைபோல்:
யாருக்குத் தெரியவில்லை? போன வருஷம் உங்கள் பெட்டியின் பேண்ட் ஸ்விட்ச் இறுகியபோது யார் வந்து சரிசெய்தது அண்ணாச்சி? ஒரு சாயா கூடக் கிடைக்கவில்லை.

மார்த்தாண்டம் மலை:
இந்தக் காலத்தில் எதற்கு இந்த இரும்புப் பெட்டி? ஆட்டோ ட்யூனர் இரண்டு விநாடியில் வேலையை முடிக்கிறது. மேட்ச்பாக்ஸில் 80, 40, 20, 15, 10 மீட்டர் மட்டும்தான். 17 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் ஸ்விட்ச்சே கிடையாது.

மணக்குடிக் கரை:
அந்த அலைவரிசைகள் நமக்குக் கிடைத்ததே 1979 உலக ரேடியோ மாநாட்டுக்குப் பிறகு. அதற்கு முன்னால் செய்த பெட்டியில் எப்படி இருக்கும்? இடி விழுந்த அன்றைக்கு உம்முடைய ஆட்டோ ட்யூனரின் ரிலே என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

தக்கலை ரிக்:
பேச்சை மாற்ற வேண்டாம். அண்ணாச்சியின் டைபோல் 40 மீட்டருக்கு வெட்டியது, மொத்தம் 66 அடி. 20 மீட்டரில் அது முழு அலை நீளம் ஆகிவிடும். நடுவில் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். அதை 50 ஓம் கோஆக்ஸ் கேபிளில் இணைத்தால் ஆன்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 60 கூட இருக்கும். அந்தக் கேபிள், ஆர்.ஜி.58 வகை, முப்பது மீட்டர் நீளம் ஓடுகிறது. அந்த மெல்லிய கேபிளே பவரைத் தின்றுவிடுவதால், கீழே வீட்டுக்குள் அளந்தால் 5 போலத்தான் தெரியும். மேட்ச்பாக்ஸ் அந்த ஐந்தை 1.1 ஆக்கி ரிக்கை ஏமாற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 வாட்டில் மேலே போய்ச் சேர்வது 10 வாட்டுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் கேபிளில் சூடு. பிரேசில் கேட்டது உங்கள் மேட்ச்பாக்ஸால் இல்லை, வானம் திறந்திருந்ததால்.

ஜான்சன் பெட்டியை நான் குறை சொல்லவில்லை. அது நன்றாகப் பொருந்துவது ஏணிக் கம்பி மாதிரி ஓடுகிற ஓபன் வயர் ஃபீடருக்கு (ஆன்டெனாவுக்குப் பவர் கொண்டுபோகிற கம்பிக்கு). அதில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினாலும் இழப்பு சொற்பம். அந்த அருமையான பெட்டியைக் கொண்டுபோய் ஆர்.ஜி.58-இல் மாட்டியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மணக்குடிக் கரை:
திரும்பி வருகிற பவர் வீணாகாது. ட்யூனரில் முட்டி மறுபடி ஆன்டெனாவுக்கே போகிறது. ஆன்டெனா பொறியாளர் வால்டர் மேக்ஸ்வெல் 1973-இலேயே க்யூ.எஸ்.டி. என்ற அமெரிக்க ஹாம் இதழில் எழுதிவிட்டார். படியுங்கள்.

தக்கலை ரிக்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். இழப்புக் குறைந்த ஃபீடருக்குத்தான் அது முழுசாகப் பொருந்தும். ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் ஆர்.ஜி.58 தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மறுபடியும் கேட்கிறேன், மீட்டர் எந்தப் பக்கம்?

ஆரல் காற்று:
இரண்டு பேரும் ஆன்டெனா என்று எதைச் சொல்கிறீர்கள்? கம்பியை மட்டுமா, ஃபீடரையும் சேர்த்தா? அதை முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

தக்கலை ரிக்:
அது முக்கியம் இல்லை. மீட்டர் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

மணக்குடிக் கரை:
ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30 ராத்திரி தென்னை சாய்ந்து என் டைபோலின் ஒரு கை அறுந்து தொங்கியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று தெருவே அழுதுகொண்டிருந்தது. கார் பேட்டரியில் ரிக்கை வைத்து, மிஞ்சிய கம்பியை இந்தப் பெட்டியில் மாட்டி, டார்ச் வெளிச்சத்தில் குமிழைத் திருப்பினேன். 1.1 வந்தது. விடியும்வரை செய்தி அனுப்பினேன். அப்போது மீட்டர் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. தக்கலைத் தம்பி அன்றைக்கு எந்த அலைவரிசையில் இருந்தார்?

தக்கலை ரிக்:
என் வீட்டு மேல் ரப்பர் மரம் கிடந்தது அண்ணாச்சி. அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். அன்றைக்கு நீங்கள் செய்தது பெரிய காரியம், யாரும் மறுக்கவில்லை. அன்றைக்கும் அந்தப் பெட்டி ரிக்கைக் காப்பாற்றியது, பவரைக் கொடுக்க வைத்தது. ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆரை இறக்கவில்லை. இறக்கவே முடியாது. அந்தப் பையனிடம் டைபோலை அளந்து வெட்டச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மலை:
ரிலே போனது இடியால் இல்லை, பழுது பார்த்தவர் தப்பாக மாட்டியதால். அதையும் எழுதுங்கள்.

குளச்சல் டைபோல்:
பழுது பார்த்தது நான்தான். தப்பாக மாட்டவில்லை.

மணக்குடிக் கரை:
என் மீட்டர் 1.1 காட்டுகிறது. நான் சொல்வதில் மாற்றம் இல்லை.

தக்கலை ரிக்:
உங்கள் மீட்டர் இல்லை அண்ணாச்சி, என் மீட்டர். பங்குனியில் வாங்கிப்போனது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ட்யூனருக்கு அந்தப் பக்கம் மாட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போகிறேன்.

மணக்குடிக் கரை:
ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இல்லை.