1970 செவெல் 402: எட்டில் ஒரு மைல் வரை பறக்குது, மூணாம் கியரில் மூச்சு நிக்குது. எங்கே தேடலாம்?

செவெல்70:
கார் விவரத்தை முதலில் கொடுத்துடறேன். 1970 செவ்ரோலே செவெல், 402 கன இன்ச் பிக் பிளாக், அதாவது பெரிய வி8 இன்ஜின் (பேட்ஜில் 396னு தான் இருக்கும், அந்த வருஷம் உள்ளே இருந்தது 402). குவாட்ராஜெட் கார்ப் (கார்புரேட்டர்), மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், பழைய இக்னிஷன் பாயின்ட்டை எடுத்துட்டுப் போட்ட எச்.இ.ஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிப்யூட்டர், டர்போ 400 கியர்பாக்ஸ், 12 போல்ட் ஆக்சில், 3.73 ரேஷியோ, பின்னால் 275/60-15 டிராக் ரேடியல் டயர். ஆளோட சேர்த்து எடை 3,900 பவுண்டு.

ஒஹாயோ நார்வாக் கால் மைல் டிராக் ரேஸ் ட்ராக்கின் ஸ்லிப் (ஓட்டத்தின் நேரச் சீட்டு; நேரம் நொடியில், வேகம் மணிக்கு மைலில்):
60 அடி: 1.98
330 அடி: 5.55
660 அடி: 8.60, வேகம் 83.1
1000 அடி: 11.20
1320 அடி: 13.53, வேகம் 93.8

முதல் ரெண்டு கியரும் 5,600 ஆர்.பி.எம் வரை சுத்தமா இழுக்குது. மூணாவது விழுந்து கொஞ்ச நேரத்தில் யாரோ பின்னாலிருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி ஆகிடுது. வெடிச் சத்தம் இல்லை. காலை எடுத்து ரெண்டு நொடி விட்டுத் திரும்ப அழுத்தினா ஒரு நொடி இழுக்கும், மறுபடி படுத்துக்கும். இதுவரை மாத்தினது: எச்.இ.ஐ மாட்யூல், பிளக், பிளக் வயர். மெயின் ஜெட் (கார்பில் பெட்ரோல் போற ஓட்டை) ரெண்டு சைஸ் ஏத்தியாச்சு, செகண்டரி ராடும் (முழு த்ராட்டிலில் பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஊசி) பருமன் குறைஞ்சதா போட்டாச்சு. ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து வால்வ் ஸ்பிரிங் வாங்கலாமா?

மோபார்_மாமா:
எச்.இ.ஐக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுத்தீங்க? பாயின்ட்டுக்குப் போன பழைய வயரிலேயே சொருகியிருந்தா அது ரெசிஸ்டன்ஸ் வயர், ஓடும்போது எச்.இ.ஐக்குப் போதுமான வோல்ட் கிடைக்காது. ஐடிலில் தெரியாது, மேலே போனா கழுத்தை அறுக்கும். இன்ஜின் ஓடும்போது டிஸ்ட்ரிப்யூட்டரின் பேட் (BAT, கரன்ட் உள்ளே வர்ற) முனையில் மீட்டர் வைங்க. பேட்டரியில் இருக்கிற வோல்ட்டுக்கு அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைஞ்சா சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற இடத்திலிருந்து 12 கேஜ் வயர் தனியா இழுங்க.

கால்மைல்:
வால்வ் ஸ்பிரிங்குக்குப் பணம் போடாதீங்க. விஷயம் ஸ்லிப்பிலேயே எழுதியிருக்கு.

1000 அடியிலிருந்து 1320 வரை 320 அடி. அதுக்கு எடுத்த நேரம் 13.53 கழித்தல் 11.20, அதாவது 2.33 நொடி. சராசரி நொடிக்கு 137.3 அடி, மணிக்கு 93.6 மைல். முடிவுக் கோட்டில் வேகம் 93.8. ஆக கடைசி 320 அடியில் கார் வேகமே கூட்டலை, உருண்டு போயிருக்கு. 660ல் 83 மைல் ஓடற கார் கோட்டில் 103, 104 காட்டணும். எட்டில் ஒரு மைல் வேகத்தை 1.25ஆல் பெருக்கிப் பாருங்க, நல்லா ஓடற கார்ல பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வரும்.

அடுத்தது ஆர்.பி.எம். உங்க டயர் உயரம் 28 இன்ச். வேகம் × ரேஷியோ × 336 ÷ டயர் உயரம்: 94 × 3.73 × 12 = 4,200 சொச்சம். கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் நழுவலைச் சேர்த்தா 4,400, 4,450. முதல் கியரிலும் ரெண்டாவதிலும் 5,600 போற இன்ஜின் மூணாவதில் 4,400ல் படுக்குதுன்னா அது வால்வ் ஃப்ளோட் (ஸ்பிரிங் தாங்காம வால்வ் நேரத்துக்கு மூடாதது) இல்லை. ஃப்ளோட் வந்தா எல்லா கியரிலும் அதே ஆர்.பி.எம்மில் வரும். குறைஞ்ச வோல்ட்டும் அப்படித்தான், மாமா சொன்னதை ஒரு தடவை அளந்துட்டு ஒதுக்கி வைங்க. இங்கே நேரம்தான் கணக்கு. ஏழெட்டு நொடி முழு த்ராட்டில் ஆன பிறகு சாகுது, காலை எடுத்தா கொஞ்சம் உயிர் வருது. அது கார்ப் தொட்டி (கார்புக்குள் பெட்ரோல் நிக்கிற இடம்) காலியாகிற அடையாளம்.

ஒண்ணு மட்டும் உறுதி பண்ணிக்கோங்க. கோட்டில் டேக்கோ (ஆர்.பி.எம் மீட்டர்) எவ்வளவு காட்டுச்சு? 4,400ன்னா சரி. 5,000க்கு மேல் காட்டியிருந்தா டர்போ 400இல் மூணாம் கியரைப் பிடிக்கிற டைரக்ட் கிளட்ச் நழுவுது, அது வேற வைத்தியம்.

செவெல்70:
பேட் முனையில் 13.6, பேட்டரியில் 13.9. வீடியோவில் டேக்கோ 4,400 சுற்றி. அப்போ பம்ப் போச்சா? மாத்தி ஒரு வருஷம்கூட ஆகலை. கேனில் பிடிச்சுப் பார்த்தேன், அரை நிமிஷத்தில் ஒரு பைண்ட்டுக்கு மேல் வந்துச்சு. மேனுவலில் அது போதும்னு இருக்கு.

கால்மைல்:
அந்தச் சோதனை பம்ப் செத்துப் போச்சான்னு பார்க்கத்தான். 3,900 பவுண்டை 104க்குத் தள்ள சுமார் 340 குதிரைசக்தி வேணும். ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல்னு வெச்சா 170 பவுண்டு, அதாவது 28 கேலன். நொடிக்கு ஏறக்குறைய 30 மில்லி. நீங்க பிடிச்சது மணிக்கு 15 கேலன் கணக்கு, அதுவும் ஐடிலில். பம்ப் வேகமா ஆடும்போது கூடத் தரும், ஆனா உறிஞ்சற பக்கம் வழி விட்டாத்தான் தரும். மேல்தொட்டியிலிருந்து வர்ற குழாயில் அடைப்பை வெச்சுக்கிட்டு மோட்டாரைத் திட்டற கதை ஆகிடக் கூடாது.

ரெண்டு கேஜ் போடுங்க.

பம்புக்கும் கார்புக்கும் நடுவில் டீ (மூணு வாய் இணைப்பு) போட்டு 0-15 பி.எஸ்.ஐ கேஜ். அதை விண்ட்ஷீல்டுக்கு வெளியே கட்டி, உள்ளேயிருந்து ஃபோனில் வீடியோ எடுங்க. பெட்ரோல் இருக்கிற கேஜ் எதையும் கேபினுக்குள் கொண்டு வரவே கூடாது. ஐடிலில் 6, 7 இருக்கணும். மூணாம் கியர் முடியற வரை 3க்குக் கீழே போகாம இருந்தா சரி.

பம்ப் இன்லெட்டில் வேக்குவம் கேஜ். இதைப் படிக்கிறதில்தான் ஆளுங்க ஏமாறுவாங்க. கிளம்பும்போது முடுக்கம் 0.9 ஜி (புவியீர்ப்பில் 0.9 பங்கு). டேங்கிலிருந்து பம்ப் வரை பத்தடி குழாய், ஒரு அடி பெட்ரோலுக்கு 1 ஜியில் 0.32 பி.எஸ்.ஐ. அதனால கிளம்பற கணத்தில் குழாய் நல்லா இருந்தாலே 6 இன்ச் (பாதரச அளவில்) வேக்குவம் காட்டும். அதைப் பார்த்துப் பயப்படாதீங்க. மூணாம் கியரில் முடுக்கம் 0.2 ஜி தான், அங்கே ஒண்ணரை இன்ச்சுக்கு மேல் இருக்கிறதெல்லாம் அடைப்பின் கணக்கு. 4 தாண்டினா டேங்கிலிருந்து தேடுங்க. வேக்குவம் கம்மியா இருந்து பிரஷரும் விழுந்தா பம்ப், இல்லைன்னா பம்பைத் தள்ளற கம்பி தேய்ஞ்சிருக்கும்.

சோதனை ஓட்டத்தில் பிரஷர் 1க்கு வந்ததும் காலை எடுத்துடுங்க. பெட்ரோல் குறைஞ்ச நிலையில் முழு லோடு கொடுத்தா பிஸ்டன் ரிங் இருக்கிற விளிம்பு உருகும்.

ஜெட்டும்_ராடும்:
ஜெட் ஏத்தினது தப்பான திசை. தொட்டியில் பெட்ரோலே இல்லாதப்போ ஓட்டை பெருசானா என்ன, சின்னதானா என்ன? போதாக்குறைக்கு இப்போ கீழ் கியரில் அதிகமா குடிச்சு, தொட்டியைச் சீக்கிரம் காலி பண்ணுது. பழைய ஜெட், பழைய ராட் ரெண்டையும் திரும்பப் போட்டுட்டுச் சோதனை பண்ணுங்க.

குவாட்ராஜெட்டின் இன்லெட் நட்டைக் கழட்டி உள்ளே பாருங்க. ஸ்பிரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். வெண்கலத் தூளில் சுட்டதா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் பேப்பர் ஃபில்டர் போடுங்க. நட்டைத் திருகும்போது முதல் ரெண்டு சுத்து கையாலேயே போகணும். கார்ப் உடம்பு மென்மையான உலோகம், மரை போச்சுன்னா கார்பே போச்சு. ஃபில்டரை எடுத்துட்டு வெறுமனே ஓட்டலாமான்னு அடுத்து கேட்பீங்க, வேண்டாம். ஒரு துரு துணுக்கு நீடிலில் (கார்ப் தொட்டிக்குப் பெட்ரோலை அடைச்சுத் திறக்கிற ஊசி) உக்காந்தா சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோல் வழியும்.

மோபார்_மாமா:
இத்தனை கேஜ் எதுக்கு? பின்னால் ஒரு ஹோலி ப்ளூ எலக்ட்ரிக் பம்பைப் போட்டா மணிக்கு 110 கேலன். முடிஞ்சது வேலை.

கால்மைல்:
மாமா, அந்த 110 குழாயே இல்லாம திறந்து விட்டா வர்ற கணக்கு. அது 14 பி.எஸ்.ஐ வரை தள்ளும், ரெகுலேட்டர் இல்லாம குவாட்ராஜெட்டில் கொடுத்தா நீடில் தாங்காது. தனி ரிலே, ஆயில் பிரஷர் போனா பம்பை நிறுத்தற சுவிட்ச் எல்லாம் வேணும். டேங்குக்குள் இருக்கிற வலை அடைச்சிருந்தா எலக்ட்ரிக் பம்பும் அதே அடைப்பில்தான் உறிஞ்சும், சூடாகிச் சாகும். 400 குதிரைசக்திக்குக் கீழே நல்ல மெக்கானிக்கல் பம்ப் தாராளம்.

பழைய_டெல்கோ:
கேஜ் வர்றதுக்குள் ரெண்டு இலவச வேலை.

ஒண்ணு, டேங்க் மூடி. 1970ல் பெட்ரோல் ஆவி பிடிக்கிற அமைப்பு கலிஃபோர்னியா கார்களுக்கு மட்டும், 71ல்தான் நாடு முழுக்க. மற்ற மாநிலத்து 70 காருக்கு மூச்சு விடற மூடி வேணும். கடையில் அடைச்ச மூடியைக் கொடுத்திருந்தா டேங்குக்குள் வேக்குவம் சேரும். இருபது நிமிஷம் ஓட்டிட்டு மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ளே போனா மூடி தப்பு.

ரெண்டு, குழாயை வெர்னியர் வெச்சு அளங்க. இந்தக் கார்களில் பாதி, சின்ன இன்ஜினோட பிறந்து பிறகு பிக் பிளாக் வாங்கினது. 3/8 இன்ச்னா 9.5 மில்லிமீட்டர், 5/16 இன்ச்னா 7.9. உள்வாய்ப் பரப்பில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். அப்படியே டேங்க் பக்கமும் பம்ப் பக்கமும் இருக்கிற ரப்பர் ஹோஸை விரலால் அழுத்துங்க. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ஹோஸின் உள்தோல் உரிஞ்சு தொங்கும். வெளியே பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும், உறிஞ்சும்போது உள்ளே கதவு மாதிரி மூடிக்கும்.

செவெல்70:
மூடி சரிதான், சத்தம் வரலை. குழாய் 7.9! கார்ப் ஃபில்டர் வெண்கலம்தான், பேப்பருக்கு மாத்திட்டேன். ஜெட், ராட் பழையபடி. அதுக்கப்புறம் கேஜோட ஒரு ஓட்டம்:

ஐடில்: 6.5 பி.எஸ்.ஐ, வேக்குவம் அரை இன்ச்
ரெண்டாம் கியர் கடைசி: 4
மூணாவது, 660 அடி: 2, வேக்குவம் 8 இன்ச்
900 அடி: 1க்குக் கீழே, காலை எடுத்துட்டேன்

கால்மைல்:
8 இன்ச்! பம்ப் பாவம், நல்லாத்தான் உழைக்குது. அந்த வேக்குவத்தில் சூடான பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிச்சு ஆவியாகும், பம்ப் ஆவியை மெல்லும். டேங்கை இறக்குங்க. குழாயை மட்டும் 3/8 ஆக்கிட்டு சென்டரை (sender, டேங்குக்குள் பெட்ரோல் அளவைக் காட்டற, உறிஞ்சற குழாயும் சேர்ந்த பாகம்) விட்டுடாதீங்க, அதன் உள்குழாயும் 5/16ஆத்தான் இருக்கும்.

வரிசை: பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. வாட்டர் ஹீட்டர் தீபம் எரியற கராஜில் இந்த வேலை வேண்டாம். டேங்கைக் காலி பண்ணிட்டு பட்டையைத் தளர்த்துங்க. சென்டரின் பூட்டு வளையத்தைப் பித்தளை அல்லது மரக்கட்டையால் தட்டுங்க, இரும்பு பொறி கிளப்பும். புது 3/8 சென்டர், புது வலை, புது ரப்பர் வளையம். டேங்கை மேலே ஏத்தறதுக்கு முன்னால் சென்டரை மீட்டரில் பாருங்க: காலியில் 0 ஓம், முழுசில் 90. சென்டரின் எர்த் வயர் பாடியில் பெயின்ட் சுரண்டின இடத்தில் உக்காரணும், இல்லைன்னா கேஜ் எப்பவும் ஃபுல்லுக்கு மேலேயே நிக்கும்.

குழாய்க்கு நிக்கல்-காப்பர் வாங்குங்க, கையாலேயே வளையும். முனை 45 டிகிரி டபுள் ஃப்ளேர் (விளிம்பை ரெண்டா மடிச்சு விரிக்கிறது). 37 டிகிரி ஏ.என் ஃபிட்டிங்கோட அதைச் சேர்த்து முறுக்காதீங்க, அன்னைக்கு ஒழுகாது, அடுத்த மாசம் ஒழுகும். ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாயிலிருந்து தள்ளி, ஃப்ரேமோட கிளாம்ப் போட்டுக் கொண்டு போங்க.

பழைய_டெல்கோ:
ஹோஸ் வாங்கும்போது மேலே 30ஆர்9ன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. என்.எச்.ஆர்.ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி பின்னாலிருந்து முன்னால் வரை சாதா ரப்பர் ஹோஸ் மொத்தமே 12 இன்ச்தான், அதுவும் இணைப்புக்கு மட்டும். டெக் பண்றவர் (ஓட்டத்துக்கு முன்னால் காரைச் சோதிக்கிறவர்) அளக்க மாட்டார்னு நம்பாதீங்க.

செவெல்70:
எல்லாம் மாத்தியாச்சு. பம்ப் அதே பழைய பம்ப். அதே ட்ராக்:

60 அடி: 1.97
660 அடி: 8.57, வேகம் 83.4
1320 அடி: 13.32, வேகம் 103.9

கோட்டில் பிரஷர் 4.5, மூணாம் கியரில் வேக்குவம் 2 இன்ச். மாமா, எலக்ட்ரிக் பம்ப் வாங்கலை. இப்போ செகண்டரி ராடை மாத்திப் பார்க்கலாமா?

ஜெட்டும்_ராடும்:
இப்போ பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒண்ணு மட்டும், மெயின் ஜெட்டைத் தொடாதீங்க. ஒவ்வொரு ராடுக்கும் மூணு ஓட்டம், இ.டியை (மொத்த ஓட்ட நேரம்) பார்க்காம கோட்டு வேகத்தைப் பாருங்க. கிளம்பறது சொதப்பினா இ.டி மாறும், வேகம் அவ்வளவா மாறாது. வேகம் ஏறற வரை அதே பக்கம் போங்க. இறங்கினா ஒரு படி திரும்பி நிறுத்திடுங்க.