சிலோன் ஜெயில்ல அடி வாங்கிட்டு வந்தவங்க இங்க மனு குடுத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

நாங்க தங்கச்சிமடம் பக்கம். 2024 செப்டம்பர்ல அபராதம் கட்ட முடியாத அஞ்சு மீனவங்கள மொட்டை அடிச்சு அனுப்புனாங்கல்ல, அது டிவில வந்ததால ஊருக்கே தெரிஞ்சுச்சு, வராதது எவ்வளவோ. என் மச்சான் கூலிக்கு கடலுக்குப் போறவரு, போட் வேற ஆளோடது. நேவிக்காரன் புடிச்சு ரிமாண்ட் பண்ணி, வாய்தா வாய்தான்னு இழுத்து கடைசில அபராதம், கட்டுற வரைக்கும் உள்ளதான். கக்கூஸ் கழுவச் சொல்லி, முடியாதுன்னதுக்கு அடி. தூதரகத்து ஆளு வந்து பாத்தாங்க, இல்லன்னு சொல்லல, சோப்பு துணியெல்லாம் குடுத்தாங்களாம். ஆனா வார்டன் பக்கத்துல நிக்கிறப்ப எவன் வாயத் திறப்பான், நல்லா இருக்கோம் சார்னு சொல்லிட்டாரு.

சென்னைல இறங்குனதும் வேன் வச்சு ஊருக்கு அனுப்புனாங்க, உள்ள எப்படி நடத்துனாங்கன்னு ஒருத்தரும் கேட்டு எழுதிக்கல. அப்புறம் நாங்களா மனு கொண்டு போனா "அதான் ரிலீஸ் ஆயிட்டாருல்லம்மா"ங்குறாங்க, ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸ கைகாட்டுது, கடைசில இது டெல்லி விஷயமாம். உள்ள இருக்கிறப்ப குடும்பத்துக்கு அரசு தர்ற தினப்படி வந்துச்சு, அது சோத்துக்கு. அடிக்கு?

*

அக்கா, எங்க சித்தப்பா கல்ஃப்ல டிரைவரா போயி ஜெயில்ல மாட்டுனப்ப நாங்க வெளியுறவுத்துறையோட 'மதத்' (MADAD) போர்ட்டல்ல போட்டோம், வெளிநாட்டுல மாட்டுனவங்களுக்காக ஆன்லைன்ல புகார் குடுக்குறது, 2015ல ஆரம்பிச்சது, புகார் நம்பர் கிடைக்கும். அதுக்கப்புறம்தான் தூதரகத்துல இருந்து போயி பாத்தாங்க. கைதிய பாக்கவும் வக்கீல் ஏற்பாடு பண்ணவும் 1963 வியன்னா ஒப்பந்தம் 36வது பிரிவுல அவங்களுக்கு உரிமை இருக்கு, அதையே மனுல எழுதுங்க. நஷ்டஈடுன்னா நம்ம அரசு கையில எடுத்து அந்த நாட்டுகிட்ட கேட்டாதான் உண்டு, எடுக்கிறதும் விடுறதும் அவங்க இஷ்டம், அதுல எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல. முதல்ல ஜிஹெச்ல காட்டி காயத்த பதிவு பண்ணுங்க, தழும்பு ஆறிட்டா என்னத்த காட்டுவீங்க. கூட இருந்த மத்தவங்ககிட்டயும் தனித்தனியா கையெழுத்து வாங்குங்க.

*

ஜிஹெச் சீட்டு இருக்கு தம்பி. கூட இருந்தவங்கள்ல ரெண்டு பேர் கையெழுத்து போடுறேன்னாங்க. மச்சான்தான் பேரே போடாதங்குறாரு. கடன அடைக்க அதே கடலுக்குத்தான் போகணும், மறுபடி புடிச்சா ரெண்டாவது தடவைன்னு தண்டனை வேற கூடும், அதே ஜெயில், அதே வார்டன்.