விமானச் சீட்டுக்குக் கட்டிய பணம் பறக்கும் நாள் வரை யாருடையது?

தாமிரபரணி:
கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே 2 அன்று தானே முன்வந்து தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு கொடுத்தது. மறுநாளே அதன் விமானங்கள் நின்றன. முதலில் இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டும் ரத்து என்றார்கள். பிறகு அந்தத் தேதி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2025 ஜனவரி 20 அன்று நிறுவனத்தையே கலைத்துவிடும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

கடன் கொடுத்தோர் அனைவருக்கும் தர வேண்டிய தொகை 11,463 கோடி ரூபாய் என்று மனுவில் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்தப் பெரிய கணக்கைவிட, கோடை விடுமுறைக்கு ஸ்ரீநகர், லே, போர்ட் பிளேர் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே பணம் கட்டிவைத்திருந்த குடும்பங்களின் நிலைதான் என் மனத்தை உறுத்துகிறது. மனு ஏற்கப்பட்ட மே 10 முதல், நிறுவனத்திடமிருந்து யாரும் எதையும் வசூலிக்கவோ மீட்கவோ முடியாதபடி தடைக்காலம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், வழக்குப் போட்டுப் பணத்தை மீட்கும் வழி அவர்களுக்கு அடைபட்டது. உரிமைகோரல் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம், அவ்வளவே. திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுத்த வரிசையில் கலைப்புச் செலவு, தொழிலாளர் பாக்கி, பிணையுள்ள வங்கிக் கடன், அரசுக்குச் சேர வேண்டியவை ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால்தான் பயணி நிற்கிறார். ஆகவே, பயணி கட்டும் பணம் அவர் விமானம் ஏறும் வரை தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்றும், அதுவரை நிறுவனம் அதைத் தொடவே கூடாது என்றும் சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மலைக்கோட்டை:
ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து நோயாளியைப் பிழைக்கவிடாது. நான் விமானத் துறையில் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். முன்கூட்டி விற்ற சீட்டுகளின் பணம் ஐந்தொகையில் பொறுப்புகளின் பக்கம்தான் எழுதப்படுகிறது என்பது உண்மையே. இருந்தாலும், அன்றாட எரிபொருளும் குத்தகையும் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்துதான் போகின்றன. நம் நாட்டில் ஒரு விமான நிறுவனத்தின் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் எரிபொருளுக்கே போய்விடுகிறது. அந்த எரிபொருளும் ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரியில் கிடக்கிறது. இந்த நிலையில் முன்பணத்தைப் பூட்டிவைத்தால், அதற்கு ஈடான தொகையை நிறுவனம் வங்கியில் வட்டிக்கு வாங்க வேண்டும். அந்த வட்டி நீங்கள் வாங்கும் சீட்டின் விலையில்தான் வந்து ஏறும்.

மேலும், கோ ஃபர்ஸ்ட் வீழ்ந்ததற்கு அந்த நிறுவனம் சொன்ன காரணம் பிராட் அண்ட் விட்னி எஞ்சின். அதன் 54 விமானங்களில் ஏறக்குறைய பாதி, மாற்று எஞ்சின் கிடைக்காமல் தரையில் நின்றன. குறைந்தது பத்து எஞ்சின்களை 2023 ஏப்ரல் 27க்குள் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூர் நடுவர் மன்றத்தின் அவசர உத்தரவு இருந்தும் அவை வரவில்லை. பறக்காத விமானத்துக்கும் குத்தகை கட்ட வேண்டியிருந்த அந்த நிறுவனத்தை எந்தத் தனிக் கணக்கு காப்பாற்றியிருக்கும்?

தாமிரபரணி:
அதே எஞ்சின் கோளாறால் இண்டிகோவின் விமானங்களும் பல நின்றன. கையிருப்பு இருந்ததால் அது தாங்கிக்கொண்டது. கோ ஃபர்ஸ்ட் பணம் கட்டுவதில் நெடுங்காலமாகவே தவறி வந்தது என்பது எஞ்சின் நிறுவனத்தின் மறுமொழி. எந்தப் பக்கம் உண்மை இருந்தாலும், நான் கேட்பது நிறுவனத்தைக் காப்பாற்றும் வழியை அன்று. விழப்போகிற நிறுவனம் விழட்டும். பயணியின் பணத்தையும் இழுத்துக்கொண்டு விழ வேண்டாம். மனு கொடுத்த பிறகும் முன்பதிவை உடனே நிறுத்துங்கள் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் மே 8 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கொங்கு இளவல்:
ஒன்று கேட்கிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நிற்பதற்குப் பல மாதங்கள் முன்பே, விமானிகளுக்குச் சம்பளம் வரவில்லை, குத்தகை விமானங்கள் பறிபோகின்றன என்ற செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தும் விலை குறைவு என்பதற்காக வாங்கியவர்கள் அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்கினார்கள் அல்லவா? கிரெடிட் கார்டில் வாங்கியவர்கள் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் சார்ஜ்பேக் வழியும் இருக்கிறது.

வைகைக்கரை:
தம்பி, நான் மதுரையில் பயண முகவராக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் கடையில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசலிலேயே காத்திருந்தார். அந்தமானுக்குப் போகவிருந்த ஒன்பது பேரின் சீட்டுகளை, ஆதார் நகல்களோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொருவரின் பெயருக்கு நேரே இருக்கை எண்ணைப் பேனாவால் எழுதி, பேரப்பிள்ளைக்கு மட்டும் ஜன்னல் என்று அடிக்கோடு போட்டிருந்தார். விமானிகளின் சம்பளப் பாக்கியைப் பற்றி அவருக்கு யார் சொல்வார்கள்? அவர் என்னிடம் ரொக்கமாகக் கொடுத்தார். நான் நிறுவனத்தில் முன்வைப்பாகப் போட்டிருந்த பணத்திலிருந்து அந்தச் சீட்டுகளை எடுத்தேன். அவருக்குச் சார்ஜ்பேக் ஏது? என் முன்வைப்பில் மீதமிருந்த தொகை திரையில் பல வாரங்கள் அப்படியே தெரிந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. அவருக்கு என் கைப்பணத்தைத் தவணையாகக் கொடுத்து முடித்தேன். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஊரில் தலைகாட்ட வேண்டுமே என்பதற்காகச் செய்தேன்.

கொங்கு இளவல்:
அக்கா, ரொக்கமாகக் கட்டுவோரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. விழிப்பாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இவர்களைக் குறை சொன்னது தவறு.

தாமிரபரணி:
இப்போது முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். கோ ஃபர்ஸ்ட் நின்றதும் விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்த வெளிநாட்டு நிறுவனங்களும் அதே தடைக்காலத்தில் மாட்டிக்கொண்டன. அவர்கள் குரல் எழுப்பினார்கள். 2023 அக்டோபர் 3 அன்று விமானங்களுக்கும் எஞ்சின்களுக்கும் அந்தத் தடைக்காலம் பொருந்தாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் அவர்கள் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதுவாக, 54 விமானங்களின் பதிவையும் ஐந்து வேலை நாள்களுக்குள் நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025இல் அவர்களின் உரிமையைக் காக்கத் தனிச் சட்டமே வந்துவிட்டது. நல்லதுதான், குத்தகை மலிந்தால் கட்டணமும் குறையலாம். ஆனால் அதே வீழ்ச்சியில் பணத்தை இழந்த பயணிக்காக ஒரு வரியாவது திருத்தப்பட்டதா?

திருத்த முடியும் என்பதற்கு முன்மாதிரியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. வீடு வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2016இன் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. 2018இல் திவால் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்கியோரை வங்கிகளைப் போல நிதிக் கடன் கொடுத்தோராகவே ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குக் கொடுத்த பணம் கடன் என்றால், சீட்டுக்குக் கொடுத்த பணம் மட்டும் எப்படி வேறாகும்?

மலைக்கோட்டை:
விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தோருடனான ஒப்பீடு வலுவானது, ஏற்கிறேன். வீட்டு ஒப்பீட்டை முழுமையாக ஏற்க மாட்டேன். கட்டுமானப் பணம் அதே கட்டடத்துக்குள் போகிறது. விமானத்தில் இன்றைய பயணியின் பணத்தில் நேற்றைய எரிபொருள் பாக்கி தீர்கிறது. எனவே முழுத் தொகையையும் பூட்டினால் பெரிய நிறுவனம் தாங்கும், புதிதாக வருபவர் தாங்க மாட்டார். ஏற்கெனவே உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறார்கள். போட்டி குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூனில் பார்த்தோம். கோ ஃபர்ஸ்ட் பறந்துகொண்டிருந்த வழித்தடங்களில் கட்டணம் ஏறியதால், அமைச்சரே நிறுவனங்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. அந்தச் சுமையையும் பயணிதான் சுமந்தார்.

பிரிட்டனில் வேறொரு வழி இருக்கிறது. சுற்றுலாத் தொகுப்பு வாங்கும் ஒவ்வொரு பயணியின் பேரிலும் இரண்டரை பவுண்டு ஒரு பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தபோது, வெளிநாடுகளில் இருந்த ஏறத்தாழ 1.4 லட்சம் பேரை அரசு ஏற்பாட்டில் திரும்ப அழைத்துவர அந்த நிதியும் உதவியது. தனியாக வாங்கும் விமானச் சீட்டை அது பெரும்பாலும் காப்பதில்லை என்பது அதன் குறை. இங்கே எல்லாச் சீட்டுகளுக்கும் சேர்த்து அப்படியொரு நிதியை ஏற்படுத்தினால் நான் ஆதரிப்பேன்.

தாமிரபரணி:
நிதி என்றால், ஒழுங்காக நடத்துகிற நிறுவனத்தின் பயணி, ஒழுங்கற்ற நிறுவனத்தின் இழப்புக்குப் பணம் கட்டுவார். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனாலும் இன்றுள்ள நிலைக்கு அது மேல். நிறுவனத்தின் கடன் நிலையைப் பொறுத்துப் பங்களிப்பு கூடிக் குறைய வேண்டும் என்ற நிபந்தனையோடு நான் இறங்கி வருகிறேன்.

வைகைக்கரை:
எந்த வழி வந்தாலும், முகவரிடம் ரொக்கமாகக் கட்டியவரின் பெயரும் அந்த நிதியின் பதிவேட்டில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் பெயர் இருப்பவருக்கே பணம் நேராகப் போக வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டுப்போனால், அடுத்த முறையும் அந்த ஆசிரியர் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்.